அச்சுறுத்தல் எதுவும் இல்லை

நானூற்றுப் பன்னிரண்டு நாளாக
திரையின் வலது மூலையில்
ஒரு பச்சை டிக்.
காலையில் எழுந்ததும் தன்னைத் தானே நலம் விசாரித்து
தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்கிறது:
உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.

யாரும் வரவில்லையா,
வந்தவர்களை இதற்குத் தெரியவில்லையா?
இரண்டுக்கும் ஒரே பச்சை.

பெரம்பூர் லோகோ பக்கம்
வீடுவீடாய்ப் போய்க் கணினி பார்ப்பவன் நான்.
எந்த ஆன்ட்டிவைரஸ் நல்லது என்று கேட்காத வீடில்லை.
போன வருஷம் வரை
எது கமிஷன் தந்ததோ அது நல்லது.
பிறகு உறுத்தியது.

ரிச்சி தெரு முனாஃபிடம் பேரம் பேசி
மூவாயிரத்து இருநூறுக்கு
விசிறி இரையும் ஒரு கிழட்டு லேப்டாப்.
வீட்டு வைஃபையை அண்டவிடாமல் அதற்குத் தனி சிம்.
ஐப்பசி மழை விடாத பத்து ராத்திரி
ஊரார் பென்டிரைவ்களில் இதுவரை பிடித்து வைத்த
முப்பத்தோரு பூச்சிகளை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிட்டேன்.
துடைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி அவிழ்த்து
பால் கணக்கு நோட்டில் கோடு போட்டேன்.

இருபத்தெட்டைப் பிடித்தது.
சும்மா சொல்லக் கூடாது,
சிலதைக் கண் சிமிட்டும் முன்னே.
இரண்டை நாலாம் நாள்தான் அடையாளம் கண்டது,
தண்ணி லாரி போன பிறகு
குடத்தோடு ஓடி வருவதுபோல்.
ஒன்றை இன்றுவரை அதற்குத் தெரியாது.

என் நோட்டில் பேரே இல்லாதவை,
நேற்று ராத்திரி யாரோ எங்கோ எழுதியவை
எத்தனையோ.
போன வருஷ வினாத்தாளைக் கொடுத்து
பரீட்சை வைத்து
மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அவிழ்த்துவிடாத ஒன்றையும் பிடித்தது:
பத்திரம் எழுதும் தணிகாசலம் அண்ணனின்
பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்.
சமயத்தில் ழகரத்தைக் குதறுவதைத் தவிர
யாருக்கும் ஒரு கெடுதல் செய்யாதது.
ட்ரோஜன் என்று உள்ளே தள்ளிவிட்டது.

நோட்டை மூடிய அதே வாரம்
பிலோமினா டீச்சர் கூப்பிட்டார்.

ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட் கட் பண்ணிடுவோம்,
போன மாச பில் அப்டேட் ஆகலை என்று ஒரு குரல்.
நல்ல தமிழ்தான்,
மேடம் மட்டும் கொஞ்சம் அதிகம்.
குரல் சொன்னதை இறக்கினார்.
அனுமதிக்கலாமா என்று கேட்டது கணினி.
ஆம் என்றார்.
திரையில் வந்த ஒன்பது எண்களை வாசித்துக் காட்டினார்,
வருகைப் பதிவேடு வாசிக்கும் அதே நிதானத்தில்.
பதினெட்டாயிரத்து நானூறு.

நான் போனபோது மணி பத்தேகால்.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
முழு ஸ்கேன் போட்டேன், ஒன்றே முக்கால் மணி நேரம்.
டீச்சர் டீ கொடுத்தார், சர்க்கரை போட மறந்து.
நானும் கேட்கவில்லை.
இரண்டு லட்சத்துச் சொச்சம் கோப்புகளைப் புரட்டி
பச்சையாய்ச் சொன்னது:
அச்சுறுத்தல் எதுவும் இல்லை.

அதைக் குற்றம் சொல்லி என்ன.
பூட்டு அப்படியே இருக்கிறது,
சாவி உள்ளிருந்து திரும்பியிருக்கிறது.

"அப்ப இதுக்கு வருஷா வருஷம்
எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது கட்டணுமா வேணாமா?"

முப்பத்தொன்றில் இருபத்தெட்டு
என்று ஆரம்பித்தேன். விட்டுவிட்டேன்.
"கட்டுங்க டீச்சர்.
கட்டிட்டு, போட்டோ எல்லாம் இன்னொரு டிஸ்க்ல போட்டு
பீரோவில வையுங்க.
யாராவது போன் பண்ணி அவசரப்படுத்தினா வச்சிடுங்க.
எனக்குப் போடுங்க."
"நீ எடுக்கலைன்னா?"

மவுஸ் ஒயரைச் சுற்றினேன், பிரித்தேன்.

கிளம்பும்போது பார்த்தேன்,
சுவர் பிளக்கில் கொசு மருந்து.
சிவப்பு விளக்கு எரிகிறது.
குப்பி காய்ந்து எத்தனை நாளோ.
"கொசு இருக்கா டீச்சர்?"
"இந்த வாரம் அவ்வளவா இல்லை" என்றார்
கணுக்காலைச் சொறிந்தபடி.